5 அடித் தொட்டியில் ஓவர்ஃபுளோ சத்தம்: ரெண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை ஃபிளஷ் இழுக்குற மாதிரி கேக்குது, எப்படி அடக்குறது?

நீர்க்கோடு:

வணக்கம். சிங்கப்பூர்ல வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு வரவேற்பறையில 5×2×2 அடி நன்னீர்த் தொட்டி. அலமாரி உயரம் 80 செ.மீ., உள்ளே 90×45 செ.மீ. சம்ப் (பம்பும் ஃபில்டரும் இருக்கிற கீழ்த்தொட்டி). தொட்டியோட இடது பின்மூலையில 25×20 செ.மீ. ஓவர்ஃபுளோ பெட்டி, தொட்டித் தண்ணி அதுக்குள்ள வழிய மேல சீப்புப் பல். பெட்டி அடியில ரெண்டு ஓட்டை. 40 மி.மீ. வடிகாலுக்கு, 25 மி.மீ. ரிட்டர்னுக்கு (பம்பு தண்ணியைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்புற குழாய்). வடிகால் டர்சோ வகை: உச்சியில ஒரு டீ (T வடிவ இணைப்பு), மூடியில சின்னக் காத்துத் துளை. பம்பு டிசி (வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம்), அட்டையில மணிக்கு 6,000 லிட்டர்னு போட்டிருக்கு.

சத்தம் ரெண்டு விதம். ஒண்ணு நிக்காத கொடகொட. இன்னொண்ணு, பெட்டியில தண்ணி மெல்ல ஏறும், திடீர்னு 'ஸ்ர்ர்ர்'னு மொத்தமா இழுக்கும், மறுபடி ஏறும். துளையைப் பெருசாக்கினா இழுப்பு நின்னு கொடகொட கூடுது. டேப் ஒட்டிச் சின்னதாக்கினா இழுப்பு திரும்பி வருது. பம்பை 40 சதவீதத்துக்குக் குறைச்சா அமைதி, ஆனா மேல்பரப்புல எண்ணெய்ப் படலம் சேருது.

தொட்டியில தண்ணி, மீன் எல்லாம் இருக்கு. புதுசா ஓட்டை போட முடியாது. வடிகால் குழாயில ஒரு பால் வால்வு போட்டு நெருக்கினா சரியாகுமா?

குழாய்ப்பித்தன்:

முதல்ல கடைசிக் கேள்வி. இருக்கிற ஒரே வடிகால்ல வால்வு போடவே போடாதீங்க. ஒரு இலை போய் அடைச்சாலும் பம்பு தள்ளுற தண்ணி தரைக்குத்தான் வரும்.

சத்தம் போடுறது தண்ணி இல்ல, அதோட சேர்ந்து இறங்குற காத்து. 40 மி.மீ. குழாயில தண்ணி கொஞ்சமா இறங்கினா சுவரை ஒட்டி வழியும், நடுவுல காத்து நிக்கும், சத்தம் இருக்காது. மணிக்கு 1,200 லிட்டரைத் தாண்டினா நடுவுல இருக்கிற காத்தையும் இழுத்துக்கிட்டு இறங்கும், அதுதான் கொடகொட. துளையை அடைச்சா குழாய் முழுக்க நிறைஞ்சு சைஃபன் பிடிக்கும், அதாவது இறங்குற தண்ணியே பின்னால வர்ற தண்ணியை இழுக்கும். சைஃபன் உங்க பம்பு தர்றதைவிட வேகமா வடிக்கும், பெட்டி காலியாகும், காத்து புகுந்து அறுபடும், மறுபடி நிறையும். அதுதான் அந்த இழுப்பு. துளையோட நீங்க நடத்துறது ரெண்டு சத்தத்துக்கு நடுவுல பேரம், எந்த விலையிலயும் படியாது.

புது ஓட்டை தேவையில்ல. இருக்கிற ரெண்டையும் வேலை மாத்திக் கொடுங்க. ரிட்டர்னை ஓட்டையில இருந்து எடுத்து, தொட்டியோட பின்விளிம்புக்கு மேல வளைச்சு உள்ளே விடுங்க. காலியான 25 ஓட்டையில சைஃபன் குழாய், கீழ கேட் வால்வு. 40 ஓட்டையில மேல திறந்த நேர்க்குழாய், வால்வு எதுவும் இல்லாம, அவசரத்துக்கு. இதுக்கு ஹெர்பி முறைன்னு பேர்.

பெருசை சைஃபனுக்கும் சின்னதை அவசரத்துக்கும் வச்சாத்தானே நியாயம்னு தோணும். அப்படியே தலைகீழ். 25 மி.மீ. குழாய் முழுக்க நிறைஞ்சு ஓடினா, உங்க உயரத்துக்கு, அதாவது பெட்டி நீர்மட்டத்துல இருந்து சம்ப் நீர்மட்டம் வரை சுமார் 1 மீட்டர்னு வச்சா, மணிக்கு ஏறக்குறைய 3,500 லிட்டர் இறக்கும். உங்களுக்குத் தேவை 2,800 இருந்தாப் போதும். அப்போ கேட் வால்வு பாதி மூடின நிலையில நிக்கும், இடுக்கு 1 செ.மீ.க்கு மேல இருக்கும், குப்பை தாண்டிப் போயிடும். 40 மி.மீ.யை சைஃபன் ஆக்கினா அது 9,000 கிட்ட இறக்கப் பாக்கும். 2,800க்குக் கட்டுப்படுத்த வால்வை இறுக்கி மூடணும். இடுக்கு சில மி.மீ.தான் மிஞ்சும், அங்க தண்ணி சீறும், ஒரு டிரம்பெட் நத்தை உருண்டு வந்தா அடைச்சுக்கும். அவசரக் குழாய் பம்போட முழு ஓட்டத்தையும் தனியாத் தாங்கணும், அதனால அதுதான் பெருசா இருக்கணும்.

பம்பு உண்மையா எவ்வளவு தருதுன்னு அட்டையைப் பாத்து நம்பாதீங்க. ரிட்டர்ன் வாயை 10 லிட்டர் வாளியில பிடிங்க. 13 வினாடியில நிறைஞ்சா மணிக்கு 2,770 லிட்டர்.

உயரங்கள் இப்படி வைங்க. அவசரக் குழாயோட வாய் சீப்புப் பல்லோட அடிமட்டத்துக்கு 3 செ.மீ. கீழ. பெட்டித் தண்ணி அங்கதான் நிக்கும், அதனால பல்லைத் தாண்டி விழுற தண்ணிக்கு அருவிச் சத்தம் இருக்காது. சைஃபன் வாய் அதுக்கும் 15 செ.மீ. கீழ, ஸ்டிரெய்னரோட (குப்பை தடுக்கிற சல்லடை). 10 செ.மீ. ஆழத்துக்கு மேல ஏத்தினீங்கன்னா மேல சுழி விழுந்து காத்தை உறிஞ்சும், பட்ட பாடெல்லாம் வீண். சைஃபன் ஒழுங்கா ஓடாத நேரத்துல 2,800 லிட்டரும் 40 குழாய் விளிம்பு வழியாப் போகணும்னா, தண்ணி அந்த விளிம்புக்கு மேல 2 செ.மீ. சொச்சம் ஏறும். 3 செ.மீ. இடைவெளி விட்டது அதுக்கும் சேர்த்துத்தான்.

வால்வைக் கீழ, சம்ப்புக்குச் சற்று மேல, கை எட்டுற இடத்துல வைங்க. மேல வச்சா வால்வுக்குக் கீழ குழாய் முழுக்க இழுவிசையில இருக்கும், லேசாப் பிடிச்ச இணைப்பு எல்லாம் காத்தை உறிஞ்சி 'உஸ்'னு சொல்லும். கீழ வச்சா மேல இருக்கிற குழாய் எல்லாம் அழுத்தத்துல நிறைஞ்சு நிக்கும்.

ஈரத்தரை:

பித்தன் சொன்ன அமைப்பேதான். சாமான் வாங்கப் போகும்போது கவனிக்க வேண்டியதை நான் சொல்றேன். சிங்கப்பூர்ல பாதிப் பேர் மாட்டிக்கிறது அங்கதான்.

புளோக்குக்குக் கீழ இருக்கிற ஹார்ட்வேர் கடையில கிடைக்கிற பிவிசி பிரிட்டிஷ் அளவு. 1 அங்குலம்னா வெளிவிட்டம் சுமார் 33.5 மி.மீ. மீன் கடையில வர்ற பல்க்ஹெட் (கண்ணாடி ஓட்டையில குழாயைப் பிடிக்கிற இணைப்பு), டீ, வண்ணக் குழாய் பெரும்பாலும் ஜப்பான் அளவு. அதுல 25ன்னு எழுதியிருந்தா வெளிவிட்டம் 32 மி.மீ. ரெண்டையும் ஜனங்க '25'ன்னுதான் கூப்பிடுவாங்க. ஜப்பான் குழாயை பிரிட்டிஷ் சாக்கெட்டுல விட்டா ஒன்றரை மி.மீ. ஆட்டம் இருக்கும். பசையை அள்ளிப் பூசி ஒப்பேத்துவாங்க, ஒரு வாரத்துல கசியும். 40ல நிலைமை இன்னும் மோசம்: ஜப்பான் 48, பிரிட்டிஷ் ஒன்றரை அங்குலம் 48.3. உள்ளே போயிடும், சரியா இருக்குன்னு தோணும். 20ல 26ம் 26.7ம். பல்க்ஹெட்டுல செருகியிருக்கிற பழைய குழாயில ஒரு துண்டு வெட்டி எடுத்துக்கிட்டுப் போய், கடையிலேயே செருகிப் பாத்து வாங்குங்க. வெர்னியர் இருந்தா இன்னும் நல்லது.

கேட் வால்வு கேட்டா ஹார்ட்வேர் கடையில பித்தளையை நீட்டுவாங்க. பித்தளையில செம்பு இருக்கு. இறால், நத்தை வச்சிருந்தா வேண்டாம், கடல் தொட்டிக்கு நிச்சயமா வேண்டாம். பிவிசி கேட் வால்வு மீன் கடையிலயோ இணையத்துலயோ தேடிப் பிடிங்க. பால் வால்வு கால் சுத்துல முழுக்க மூடிடும், விரல் அசைஞ்சா 200 லிட்டர் மாறும். கேட் வால்வுக்குப் பல சுத்து, மயிரிழை அளவுக்குத் திருப்பலாம். காசை இங்க மிச்சம் பிடிக்காதீங்க. வால்வுக்கு மேல ஒரு யூனியன் (திருகிப் பிரிக்கிற இணைப்பு) போட்டா கழற்றிக் கழுவலாம்.

பல்க்ஹெட் ரப்பர் வளையம் தலைப் பக்கம், அதாவது பெட்டிக்கு உள்ளே. நட்டுப் பக்கம் போட்டா மரை வழியாத் தண்ணி இறங்கும். ரப்பர் மேல சிலிகான் பூசக் கூடாது, வழுக்கி வெளியே பிதுங்கிடும். கையால இறுக்கி, மேல கால் சுத்து, அவ்வளவுதான். குறட்டைப் போட்டு முறுக்கினா கண்ணாடி வெடிக்கும். பெட்டிக்குள்ள நிக்கிற ரெண்டு குழாயையும் பல்க்ஹெட்டுல பசை போடாம வெறும் செருகலா விடுங்க, அப்பத்தான் உயரம் மாத்தலாம், தூக்கிக் கழுவலாம். வெளியே இருக்கிற இணைப்புக்கு மட்டும் பசை. பூசினதும் கால் சுத்துத் திருப்பி அரை நிமிஷம் அழுத்திப் பிடிங்க. 24 மணி நேரம் தண்ணி விடாதீங்க, நம்ம ஊர் ஈரக்காத்துல அவசரம் கூடாது.

மூணுஓட்டை:

இரண்டு குழாய் முறையில் ஒரு பலவீனம் இருக்கிறது. வால்வை இன்று சரியாக வைத்தாலும் நாளை பெட்டி மட்டம் அதே இடத்தில் இருக்காது. சைஃபன் ஓட்டம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 1 மீட்டர் உயரத்தில் பெட்டி மட்டம் 10 செ.மீ. ஏறினால்தான் ஓட்டம் 5 சதவீதம் கூடும். திருப்பிப் போட்டுப் பாருங்கள்: பம்பின் ஓட்டம் 5 சதவீதம் மாறினால், அதை ஈடுகட்ட மட்டம் 10 செ.மீ. அலைய வேண்டும். நீர் ஆவியாகி ரிட்டர்ன் அறை (சம்ப்பில் பம்பு இருக்கும் அறை) மட்டம் இறங்குவது, பம்பு வாயில் பாசி சேர்வது, ஸ்டிரெய்னரில் ஒரு இலை, இவை போதும் அந்த 5 சதவீதத்துக்கு. மட்டம் ஏறினால் அவசரக் குழாய் கொடகொடக்கும், இறங்கினால் சைஃபன் காற்றைக் குடிக்கும்.

புதிதாகத் தொட்டி செய்பவர்கள் மூன்று ஓட்டை கேளுங்கள். பீன்அனிமல் முறை என்பார்கள். முதல் குழாய் முழுச் சைஃபன். இரண்டாவதில் மிச்ச நீர் சுவரை ஒட்டி வழியும். அதன் தலையில் இருந்து ஒரு மெல்லிய காற்றுக் குழாய் எடுத்து, அதன் முனையை அவசரக் குழாய் வாய்க்குச் சற்றுக் கீழே நிறுத்துவார்கள். மட்டம் ஏறி அந்த முனையை மூடியதும் காற்று அடைபட்டு இரண்டாவது குழாயும் சைஃபனாக மாறி நீரை இழுத்துவிடும். மூன்றாவது எப்போதும் காய்ந்தே இருக்கும். அடிக்கண்ணாடி டெம்பர்டு (சூடாக்கி உறுதியாக்கியது) என்றால் துளையிடவே முடியாது, நொறுங்கிவிடும். ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

குழாய்ப்பித்தன்:

கணக்கு சரி. ஆனா இவருக்கு ரெண்டு ஓட்டைதான். அதுக்கும் வழி இருக்கு. அவசரக் குழாயைக் காய விடாம, எப்பவும் கொஞ்சம் வழிய விடுங்க. மொத்தத்துல 5 சதவீதம், அதாவது மணிக்கு 140 லிட்டர். 40 மி.மீ. குழாய் விளிம்புல அது 3 மி.மீ. கனத்துக்கு நின்னு, உள்சுவரை ஒட்டி வழியும். சத்தமே இருக்காது. பம்பு 5 சதவீதம் கூடினா அந்த 3 மி.மீ. 5 மி.மீ. ஆகும். சைஃபன் மட்டும் இருந்தா 10 செ.மீ. அலையுற இடத்துல இங்க 2 மி.மீ.

அளக்குறதுக்கு, அவசரக் குழாயோட கடைசித் துண்டைப் பசை போடாம வைங்க. கழற்றிட்டு ஒரு ஜக்கைப் பிடிங்க. ஒரு நிமிஷத்துல 2 லிட்டரோ கொஞ்சம் கூடவோ வந்தா சரி. 4 லிட்டர் வந்தா வால்வைத் திறங்க, சொட்டுச் சொட்டா வந்தா மூடுங்க. திரும்ப மாட்டும்போது முனை சம்ப் தண்ணிக்குள்ள 1 செ.மீ. இருக்கட்டும், வெளியே நின்னா சொட்டுச் சத்தம் வரும்.

மூணுஓட்டை:

ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அப்போது உங்களிடம் காய்ந்த அவசரக் குழாய் என்று ஒன்று இல்லை. எப்போதும் நனைந்திருக்கும் குழாயில் பாசியும் நத்தையும் வரும். மாதம் ஒருமுறை தூக்கித் துடைக்க வேண்டும். அதன் வாயில் நெருக்கமான வலை போடாதீர்கள், அடைத்துக்கொள்ளும். மீன் போகாத அளவுக்கு அகலமான கம்பி போதும்.

ஈரத்தரை:

மின்சாரம் நின்னா என்ன ஆகும்னு யாரும் இன்னும் சொல்லல. இவர் தொட்டி மேல்பரப்பு 150×60, அதாவது 1 செ.மீ. இறங்கினா 9 லிட்டர். சீப்புப் பல் பாதி இடத்தை அடைக்குது, அதனால 2,800 லிட்டர் ஓடும்போது தண்ணி பல்லோட அடிமட்டத்துக்கு மேல ஒன்றரை செ.மீ. நிக்கும். பம்பு நின்னதும் அந்த 13, 14 லிட்டர் இறங்கும். பெட்டி சைஃபன் வாய் வரை வடியும், அது 7.5 லிட்டர். குழாய்ல நிக்கிறது 1 லிட்டர். மொத்தம் 23 லிட்டர், சம்ப்ல 1 செ.மீ.க்கு 4 லிட்டர்னா 6 செ.மீ. ஏறும். இது ரிட்டர்ன் வாய் மேல்பரப்புக்கு ஒன்றரை செ.மீ.க்குள்ள இருந்தாத்தான். அழகுக்காக 5 செ.மீ. கீழ வச்சா அது பின்னோக்கி சைஃபன் ஆகி 45 லிட்டர் தொட்டியில இருந்தே வரும், சம்ப் 13 செ.மீ. ஏறும். ரிட்டர்ன் குழாயில நீர்மட்டத்துக்கு ஒட்டிக் கீழ 4 மி.மீ. துளை போடுவாங்க, காத்து புகுந்து அறுபட. போடுங்க, ஆனா அதை நம்பாதீங்க, பாசி மூடிடும். செக் வால்வையும் (ஒரு பக்கம் மட்டும் தண்ணி விடுறது) நம்பாதீங்க, ஒரு மணல் பருக்கை சிக்கினாப் போதும்.

எதிர்ப்பக்கக் கணக்கும் போடுங்க. ரெண்டு வடிகாலும் அடைச்சா பம்பு ரிட்டர்ன் அறையில இருக்கிறதை மட்டும்தான் தள்ள முடியும். அறை 30×45, பம்பு வாய்க்கு மேல 15 செ.மீ. தண்ணின்னா 20 லிட்டர். தொட்டி 2.2 செ.மீ. ஏறும். மேல விளிம்பு வரை 3 செ.மீ. விட்டிருந்தா தரை நனையாது. ஆட்டோ டாப்-அப் (ஆவியான தண்ணியைத் தானா நிரப்புறது) வச்சிருந்தா அதோட வாளியையும் இந்தக் கணக்குல சேருங்க.

இடையில ஒண்ணு. 540 லிட்டர்த் தொட்டி, சம்ப், அலமாரி எல்லாம் சேர்ந்து முக்கால் டன். குடியிருப்புத் தளத்துக்கு வடிவமைப்புல பொதுவா எடுக்கிற பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், அதாவது 150 கிலோ சொச்சம். பொறியாளர்கிட்டக் கேக்காம இருந்தா கேட்டுடுங்க.

நீர்க்கோடு:

எல்லாருக்கும் நன்றி. சொன்னபடி மாத்தியாச்சு. ரிட்டர்ன் மேல வழியா, 25 சைஃபன், 40 அவசரம். கொடகொட போச்சு. ஆனா ரெண்டு பிரச்சினை. பம்பை நிறுத்தித் திரும்பப் போட்டா சைஃபன் பிடிக்க மாட்டேங்குது. 10 நிமிஷம் ஆனாலும் அவசரக் குழாயில மொத்தத் தண்ணியும் இரைச்சலோட போகுது, நான் வால்வைத் திறந்து மூடினாத்தான் பிடிக்குது. பிடிச்ச பிறகும் அலமாரிக் கதவைத் திறந்தா மெல்லிய 'ம்ம்ம்' கேக்குது.

குழாய்ப்பித்தன்:

சைஃபன் முனை சம்ப் தண்ணிக்குள்ள எவ்வளவு ஆழம்?

நீர்க்கோடு:

12 செ.மீ. இருக்கும். ஃபில்டர் சாக்குக்கு (குப்பை வடிகட்டுற துணிப்பை) உள்ளே விட்டிருக்கேன்.

குழாய்ப்பித்தன்:

அதேதான். தொடங்கும்போது குழாய் முழுக்கக் காத்து. மேல இருந்து இறங்குற தண்ணி அந்தக் காத்தைக் கீழ் முனை வழியா வெளியே தள்ளணும். முனை 12 செ.மீ. ஆழத்துல இருந்தா அவ்வளவு தண்ணியை எதிர்த்துக் காத்தால வெளியேற முடியல, நடுவுலயே மாட்டிக்குது. ஃபில்டர் சாக்கு அடைய அடைய உள்மட்டம் இன்னும் ஏறும், நிலைமை மோசமாகும். முனையை 2 செ.மீ. மட்டும் மூழ்குற மாதிரி வெட்டுங்க, நேரா வெட்டாம 45 டிகிரி சாய்வா. சாக்கு வேணும்னா வாரத்துக்கு ரெண்டு தரம் மாத்துங்க, இல்லன்னா குழாயைத் தனி அறைக்குள்ள விடுங்க. சரியா இருந்தா ஒண்ணு, ஒன்றரை நிமிஷம் கூச்சல் போட்டுட்டுத் தானாப் பிடிக்கும்.

வால்வை வச்ச இடத்துல தண்டுல மார்க்கரால ஒரு கோடு போட்டுட்டு, பம்பை மூணு தரம் நிறுத்திப் போட்டுப் பாருங்க. மூணு தரமும் கை படாம பிடிக்கணும். அப்புறம் வால்வை முழுக்க மூடி 5 நிமிஷம் நில்லுங்க. 40 குழாய் மொத்தத்தையும் எடுத்துக்கணும், பெட்டி மட்டம் பல்லைத் தொடக் கூடாது. அந்த இரைச்சல்தான் உங்க எச்சரிக்கை மணி. என்னைக்காவது ராத்திரி அது கேட்டா சைஃபன்ல ஏதோ மாட்டியிருக்குன்னு அர்த்தம்.

ஈரத்தரை:

அந்த 'ம்ம்ம்' தண்ணி இல்ல, பம்பு. பம்பு வாயில இருந்து நேரா பிவிசி எடுத்திருப்பீங்க. குழாய் அதிர்வை அலமாரிப் பலகைக்குக் கடத்துது, பலகை மத்தளம் மாதிரி வேலை செய்யுது. பம்புக்கும் பிவிசிக்கும் நடுவுல 25 செ.மீ. சிலிகான் டியூப் போட்டு கிளிப் மாட்டுங்க, பம்புக்கு அடியில ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு. பலகையைத் தாண்டுற ஓட்டையைக் குழாயைவிட 1 செ.மீ. பெருசாக்கி இடையில ஃபோம் சுத்துங்க. சில்லர் (தண்ணியைக் குளிர்விக்கிற கருவி) இருந்தா அதையும் அலமாரிக்கு வெளியே வைங்க, உள்ளே வச்சா அதோட சூடே அதுக்குத் திரும்பி வரும்.

ஊருக்குப் போகும்போது பம்பை நிறுத்திட்டுப் போற பழக்கம் இருந்தா, பெட்டியிலயும் சம்ப்லயும் அசையாத தண்ணி நிக்கும். கொசு முட்டை ஒரு வாரத்துல கொசுவாயிடும். தேசியச் சுற்றுப்புற வாரியத்துக்காரங்க சோதனைக்கு வந்தா, மீன் தொட்டிங்கன்னு சொல்லித் தப்பிக்க முடியாது. மெதுவாவாவது ஓட விட்டுட்டுப் போங்க.

நீர்க்கோடு:

முனையை 2 செ.மீ.க்கு வெட்டினேன். 70 வினாடியில பிடிக்குது, மூணு தரமும். வால்வு மூடிப் பாத்ததுல மட்டம் பல்லுக்கு அரை செ.மீ. கீழ நின்னுடுச்சு. ஜக்குல நிமிஷத்துக்கு 3 லிட்டர் வருது, இன்னும் கொஞ்சம் திறக்கணுமா?

குழாய்ப்பித்தன்:

எட்டில் ஒரு சுத்து திறந்துட்டு 5 நிமிஷம் பொறுத்து அளங்க. மட்டம் நிலைக்க அவ்வளவு நேரம் ஆகும். உடனே மறுபடி திருப்பினீங்கன்னா ராத்திரி முழுக்கத் துரத்திக்கிட்டே இருப்பீங்க.